இறங்கிய ஃப்ளைட்டும் ஏற வேண்டிய ஃப்ளைட்டும்

பள்ளி லீவு, ஆவணிக் கல்யாணங்கள், பொங்கல் என்று வருஷத்தில் மூன்று தடவை எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைக் கேட்கும். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி உள்நாட்டு ஃப்ளைட் பிடிக்க, அல்லது உள்ளூரிலிருந்து போய் வெளிநாட்டு ஃப்ளைட் பிடிக்க, நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும்? இருபது வருஷம் டிக்கெட் போடும் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள் போலிருக்கிறது. இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றுவது பற்றிக் கேட்டவர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டனிலிருந்து மும்பை, அங்கிருந்து மதுரை. மும்பையில் காலை 11:20க்கு இறங்குகிறோம், மதுரை ஃப்ளைட் 1:45க்கு. இரண்டும் தனித்தனி டிக்கெட், அப்படி வாங்கினால் பன்னிரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகிறது. நான், மனைவி, இரண்டு குழந்தைகள், ஆறு பெட்டி. கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் இருக்கிறதே, போதாதா சார்?
(வாசகர், லண்டன்)

போதாது. கையில் ஒரே ஒரு பையோடு வரும் தனி ஆளுக்கே இது இழுபறி. ஆறு பெட்டியும் இரண்டு குழந்தைகளும் என்றால் நினைத்தே பார்க்காதீர்கள்.

எல்லோரும் செய்கிற தப்புதான் இது. 1:45இலிருந்து 11:20ஐக் கழித்து 2 மணி 25 நிமிடம் என்று விடை எழுதிவிடுகிறோம். 1:45 என்பது விமானம் நகரத் தொடங்கும் நேரம். நமக்குக் கணக்கு, கவுண்டர் மூடும் நேரம்தான். உள்நாட்டு ஃப்ளைட்டுக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள், ஏறும் வாசலை 25 நிமிடம் முன்பே சாத்திவிடுகிறார்கள். வெப் செக்-இன் செய்து போர்டிங் பாஸை போனில் வைத்திருந்தாலும் பெட்டி போட அதே கெடுதான். ஆக, உங்களுக்கு 12:45 வரைதான் நேரம். மொத்தம் 85 நிமிடம்.

அதற்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். மும்பையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றன, அதனால் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். நெரிசலான நேரத்தில், அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில், ஊருக்கு மேலேயே நாலு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவது அங்கே சகஜம். சரி, உங்கள் ஃப்ளைட் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முப்பத்தைந்தாவது வரிசையில் இருந்தால், முன்னால் இருப்பவர்கள் எல்லாம் மேலே இருந்து பையை இறக்கி, காணாமல் போன ஒற்றைச் செருப்பைத் தேடி, நகர்ந்து முடிய கால் மணி நேரம். அப்புறம் அந்த நீண்ட நடை, நடுவில் சின்னவனுக்கு பாத்ரூம். இமிக்ரேஷன் வரிசை இருபது நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம், அது உங்களோடு எத்தனை விமானம் இறங்கியது என்பதைப் பொறுத்தது. அடுத்தது பெல்ட். ஐந்து பெட்டி சீக்கிரம் வந்துவிடும். ஆறாவது வராது. வந்தாலும் அதன் மேல் சாக்பீஸால் ஒரு குறி போட்டிருந்தால், சுங்க அதிகாரி அதைத் திறக்கச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். உள்ளே அல்வா டப்பாவுக்கான டப்பர்வேர்தான் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் திறந்து காட்டித்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெரிய கேள்வி: உங்கள் மதுரை ஃப்ளைட் எந்த முனையத்திலிருந்து? இரண்டாம் முனையம் என்றால் அதே கட்டடம், பிழைத்தீர்கள். முதலாம் முனையம் என்றால் அது சாந்தாகுரூஸ் பக்கம், நீங்கள் இறங்கியது சஹார் பக்கம். வெளியே வந்து ஊர்ச் சாலையில் போக வேண்டும். இணைப்பு ஃப்ளைட் உள்ளவர்களுக்கு பஸ் உண்டு, ஆனால் பஸ்ஸும் மும்பைச் சாலையில்தான் போகிறது. போய்ச் சேர்ந்தால் வாசலில் மத்தியப் பாதுகாப்புப் படைக்காரர் நாலு பேரின் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். உள்ளே கவுண்டரில் மறுபடி வரிசை.

அந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வருவோம். லண்டன் டிக்கெட்டில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ கொடுத்திருப்பார்கள், ஆறு பெட்டி 138 கிலோ. தனியாக வாங்கும் உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோ, நாலு பேருக்கு 60. மீதி 78 கிலோவுக்கும் அந்தக் கவுண்டரில் கிலோ கணக்கில் காசு கட்ட வேண்டும். மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்து, கைக்காசும் போகும். லண்டனிலிருந்து மதுரை வரை ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) வாங்கினால் அந்த 23 கிலோ கணக்கு மதுரை வரைக்கும் செல்லும். முதல் ஃப்ளைட் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பும் அவர்களுடையது. தனித்தனி டிக்கெட்டில் அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத ஆள், அவ்வளவுதான். வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன் என்பது அவர்களுக்கு ஒரு காரணமே இல்லை.

என்னைக் கேட்டால், மும்பையில் ஒரே டிக்கெட், ஒரே முனையம் என்றால் மூன்று மணி நேரம். தனி டிக்கெட், ஒரே முனையம் என்றால் ஐந்து. தனி டிக்கெட்டும் வேறு முனையமும் என்றால் ஆறு மணி நேரம் விடுங்கள், அல்லது அன்றைக்கு மும்பையில் தங்கி வடா பாவ் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள்.

கேள்வி: ஃபிராங்ஃபர்ட், டெல்லி, கோவை. ஒரே டிக்கெட். டெல்லியில் நடுவில் 1 மணி 50 நிமிடம்தான். ஆனால் விமான நிறுவனமே விற்கிறது என்றால் பிடித்துவிடலாம் என்றுதானே அர்த்தம்?
(வாசகி, மியூனிக்)

பாதி சரி. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், எந்த முனையத்திலிருந்து எந்த முனையத்துக்கு என்பதைப் பொறுத்து, குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் கம்ப்யூட்டர் அதை ஒரே டிக்கெட்டாக விற்காது. உங்களுடையது அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது, அதனால் விற்கிறது. ஆனால் அது முதல் ஃப்ளைட் சரியான நேரத்துக்கு வரும், வரிசை சுமாராக இருக்கும் என்று எண்ணிப் போட்ட கணக்கு. தவறவிட்டால் அடுத்ததில் இடம் தருவோம் என்பதுதான் அவர்கள் தரும் உத்தரவாதம். ஆகவே, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அடுத்தது எப்போது? டெல்லியிலிருந்து சென்னைக்கு நாள் முழுக்க ஃப்ளைட் இருக்கிறது. கோவைக்கு அப்படி இல்லை. அன்றைய கடைசி ஃப்ளைட்டோடு கோர்த்துக் கொடுத்திருந்தால் நான் அந்த டிக்கெட்டைத் தொடவே மாட்டேன். அதே காசுக்கு அதற்கு முந்தைய ஃப்ளைட்டில் நாலு மணி நேர இடைவெளி கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன்.

மாதமும் முக்கியம். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய டெல்லியில் மூடுபனி. விடியற்காலையில் இறங்க வேண்டிய ஃப்ளைட் ஜெய்ப்பூருக்கோ வேறு ஊருக்கோ திருப்பிவிடப்பட்டு, பயணிகள் அங்கே சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஆறு வாரமும் டெல்லி வழி போகாமல் இருக்க முடிந்தால் போகாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பெட்டியில் கோவை என்று டேக் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு நேராக அடுத்த ஃப்ளைட்டுக்கு நடந்துவிடாதீர்கள். இந்தியாவில் முதலில் கால் வைக்கும் ஊரில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி கொடுப்பதுதான் பொதுவான வழக்கம். சில ஃப்ளைட்களில் மட்டும் சுங்கம் கடைசி ஊரில். உங்களுடையது எப்படி என்று ஃபிராங்ஃபர்ட் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். இந்தக் குழப்பத்தில் பெட்டி டெல்லி பெல்ட்டிலும் ஆள் கோவையிலுமாக நின்ற கதைகள் எனக்குத் தெரியும்.

இரண்டாவது, இந்தியப் பாஸ்போர்ட்டோ, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையோ இருந்தால் விரைவு இமிக்ரேஷன் திட்டத்தில் பதிவு செய்து வையுங்கள், காசு கிடையாது. 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி உள்ளிட்ட ஏழு ஊர்களுக்கு விரித்தார்கள், அப்புறம் திருச்சி, திருவனந்தபுரத்துக்கும் வந்தது. ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகையும் முகமும் பதிந்துவிட்டால் அதிகாரி முன் நிற்காமல் தானியங்கிக் கதவு வழியே போய்விடலாம். ஆனால் கதவைச் சீக்கிரம் தாண்டிவிட்டோம் என்பதற்காக பெட்டி சீக்கிரம் வந்துவிடாது. இமிக்ரேஷனில் மிச்சம் பிடித்த நேரத்தைப் பெல்ட் முன்னால் நின்று செலவழித்த அனுபவம் எனக்கே உண்டு.

முனையத்தை டிக்கெட் வாங்கும் அன்று ஒரு முறையும் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு முறையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் டெல்லி இரண்டாம் முனையத்தைப் புதுப்பிக்க மூடினார்கள், அங்கிருந்த ஃப்ளைட்கள் முதலாம் முனையத்துக்குப் போயின, அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். மூன்றாம் முனையத்திலிருந்து இரண்டாவதற்கு நடந்தே போகலாம். முதலாவதற்கு வண்டியில்தான் போக முடியும். டிக்கெட்டில் ஒரு எண் மாறியிருப்பதைக் கவனிக்கவில்லை என்றால் ஃப்ளைட் போச்சு.

கேள்வி: மஸ்கட்டில் 14ஆம் தேதி இரவு 9:30க்கு ஏறி, சென்னையில் 2:30க்கு இறங்குகிறேன். தூத்துக்குடிக்கு காலை 6 மணி ஃப்ளைட், அதுவும் 14ஆம் தேதியே போட்டுவிட்டேன். மூன்றரை மணி நேரம் சரிதானே?
(வாசகர், மஸ்கட்)

நேரம் சரி, தேதி தப்பு. நீங்கள் சென்னையில் இறங்குவது 15ஆம் தேதி அதிகாலை 2:30. தூத்துக்குடி ஃப்ளைட் அதற்கு முந்தின நாள் காலையிலேயே போயிருக்கும், அப்போது நீங்கள் மஸ்கட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். இதைப் படித்ததும் மாற்றிவிடுங்கள். நம் ஊரில் விடிகிற வரை அது "நேற்று ராத்திரி"தான், விமானக் கம்பெனிக்கு 12 மணி அடித்தால் மறுநாள். தேதியை நம்பாமல் கிழமையை எழுதிப் பாருங்கள். வெள்ளி ராத்திரி ஏறினால் சனி விடியல் என்று எழுதும்போது கையே தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சென்னையைப் பொறுத்தவரை, இறங்குவது இரண்டாம் முனையம், உள்நாட்டு ஃப்ளைட் ஒன்று அல்லது நான்காம் முனையம். எல்லாம் மீனம்பாக்கத்தில் ஒரே வளாகம், ட்ராலியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 65. முதல் முறையாக அமெரிக்கா வருகிறார்கள், இருவர் மட்டும். சென்னை, தோஹா, சிகாகோ, பிறகு இண்டியானாபொலிஸ். சிகாகோவில் 1 மணி 40 நிமிடம். ஒரே டிக்கெட்தான். அப்பா ஆங்கிலம் நன்றாகவே பேசுவார்.
(வாசகி, இண்டியானாபொலிஸ்)

அப்பாவின் ஆங்கிலத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த 1 மணி 40 நிமிடத்தில்தான் சந்தேகம்.

அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான் இமிக்ரேஷன், பெட்டி, சுங்கம் எல்லாம். சிகாகோ ஓஹேரில் சர்வதேச விமானங்கள் வருவது ஐந்தாம் முனையத்துக்கு. விசிட்டர் விசாக்காரர்கள் வரிசை நீளமானது. கைரேகை எடுத்து, எத்தனை நாள் இருப்பீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள் என்று கேட்பார்கள். அப்புறம் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, அதை மறுபடி ஒப்படைத்துவிட்டு, முனையங்களுக்கு இடையே ஓடும் ரயிலில் ஏறி, உள்நாட்டு முனையத்தில் மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். எந்த நேரத்தில் வரிசை எவ்வளவு நீளம் என்று அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையே விமான நிலைய வாரியாக, மணிக்கணக்கு வாரியாக இணையத்தில் போட்டிருக்கிறது. அவர்கள் இறங்கும் மணியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் பயணம், வயதானவர்கள் என்றால் நான் மூன்றரை மணி நேரத்துக்குக் குறைத்துப் போட மாட்டேன்.

அம்மா என்ன கொண்டு வருகிறார் என்பதும் இதில் சேர்த்தி. பெட்டிக்குள் செய்தித்தாளில் சுருட்டி, புடவைக்கு நடுவே கறிவேப்பிலை வைப்பார்கள். அமெரிக்காவில் பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி கிடையாது, எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதில் வந்துவிடும் என்று. பெல்ட் பக்கத்தில் பீகிள் நாய் ஒன்று மோந்துகொண்டே வரும், பெட்டிக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். அது உட்கார்ந்தால் அடுத்த ஃப்ளைட் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள், அபராதமும் தனி. பொடி, வடகம், காய் ஊறுகாய் எல்லாம் இருக்கிறது என்று அதிகாரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். சொல்லாமல் மாட்டினால்தான் வம்பு. தோஹாவில் சென்ட் பாட்டில், வேறு ஏதாவது திரவம் வாங்கினால், சிகாகோவில் பெட்டி கைக்கு வரும்போதே அதற்குள் வைத்துவிடச் சொல்லுங்கள். கைப்பையில் இருந்தால் அடுத்த சோதனையில் 100 மில்லி கணக்குப் பார்ப்பார்கள்.

வீல்சேர் கேளுங்கள், அப்பா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தள்ளிக்கொண்டு போகிறவருக்கு வழி தெரியும், இமிக்ரேஷனிலும் தனி வரிசை கிடைக்கக்கூடும். ஆனால் விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள், வண்டி வரும் வரை காத்திருக்கவும் நேரிடும், அதையும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அபுதாபி வழி டிக்கெட் கிடைக்குமா என்றும் பாருங்கள். 2014 முதல் அமெரிக்க இமிக்ரேஷனும் சுங்கமும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அப்படி வந்தால் சிகாகோவில் உள்நாட்டு ஃப்ளைட்டில் வந்தவர்கள் மாதிரி இறங்கி நடக்கலாம். அந்த வரிசை அபுதாபிக்கு இடம் மாறுகிறது என்பதால் அங்கே மூன்று மணி நேரமாவது வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்று சொல்கிறேன். சிகாகோவிலிருந்து உங்கள் ஊர் காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். டிக்கெட்டை சிகாகோவோடு முடித்துவிட்டு, நீங்களே போய் அழைத்து வந்துவிடக் கூடாதா? ஒன்று மட்டும், ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்தால் கடைசி ஃப்ளைட்டில் சும்மா ஏறாமல் விட்டுவிடாதீர்கள். ஒரு பகுதியில் வராவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும், திரும்பும் டிக்கெட் உட்பட, ரத்து செய்துவிடுவார்கள். நிறுவனத்திடம் சொல்லி முறையாக மாற்றுங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து காலை 7 மணிக்கு சென்னை, அங்கே 12 மணிக்கு கோலாலம்பூர் ஃப்ளைட். தனி டிக்கெட்கள். நாள், போகிப் பண்டிகை. லீவு அன்றுதான் ஆரம்பிக்கிறது.
(வாசகர், பீளமேடு)

வேறு எந்த நாளாக இருந்தாலும் சரி என்றிருப்பேன். போகி அன்று விடியற்காலையில் சென்னை எரிக்கிற பழைய பாயும் டயரும் மார்கழிப் பனியோடு சேர்ந்து ஓடுபாதையை மறைத்துவிடும். 2018 போகியில் எத்தனை ஃப்ளைட் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திரும்பின என்பது அன்று மீனம்பாக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். புகை அடங்க ஒன்பது, பத்து மணி ஆகிவிடுகிறது. உங்கள் ஃப்ளைட் கோவையிலேயே நிற்கும், சென்னையில் கவுண்டர் 11 மணிக்கு மூடிவிடும், சில நிறுவனங்கள் சர்வதேச ஃப்ளைட்டுக்கு இன்னும் முன்பே மூடுகின்றன.

வெளியே போகும் திசையில் தவறவிடுவதற்குச் செலவும் அதிகம். வரும்போது தவறவிட்டால் போவது ஒரு உள்நாட்டு டிக்கெட். போகும்போது தவறவிட்டால், மேலே சொன்ன அதே விதிப்படி, திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து போகும். முந்தின நாள் இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். காலையில் சென்ட்ரலில் இறங்கி, நல்ல காபி ஒன்று குடித்துவிட்டு, மெட்ரோவில் ஏறினால் மாறாமல் நேராக விமான நிலையம். புகைக்காக ரயில் பெங்களூருக்குத் திரும்பாது.

நவம்பர், டிசம்பரில் சென்னை வழி போகிறவர்களும் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று மறுபடி மூடினார்கள். அதற்கெல்லாம் எத்தனை மணி நேர இடைவெளி விட்டாலும் போதாது. அந்த மாதங்களில் ஒரே டிக்கெட்டாக வாங்குவது ஒன்றுதான் வழி.

கேள்வி: துபாயிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து சென்னைக்கு உள்நாட்டு ஃப்ளைட். நாகர்கோவில்காரன் நான், சென்னையில் ஒரு வேலை இருக்கிறது. ஒரே விமான நிலையம்தானே?
(வாசகர், துபாய்)

பெயர்தான் ஒன்று. உள்நாட்டு முனையம் சங்குமுகம் கடற்கரைப் பக்கம், சர்வதேச முனையம் சாக்கைப் பக்கம், நடுவில் ஓடுபாதை. எதிரே தெரியும், குறுக்கே போக முடியாது, சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். சில உள்நாட்டு ஃப்ளைட்கள் சர்வதேச முனையத்திலிருந்தே கிளம்புகின்றன, டிக்கெட்டில் முனையத்தைப் பாருங்கள். நாலு மணி நேரம் விடுங்கள்.

கேள்வி: திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வந்து பினாங்குக்கு மாற வேண்டும். எவ்வளவு நேரம்?
(வாசகி, பட்டர்வொர்த்)

ஏர் ஏசியாவில் வந்து ஏர் ஏசியாவிலேயே பினாங்கு போனால் இரண்டும் இரண்டாம் முனையம்தான். தனி டிக்கெட் என்றால் மூன்று மணி நேரம். பினாங்குக்கு வேறு நிறுவனம் என்றால் முதலாம் முனையத்துக்கு ரயில் பிடிக்க வேண்டும், ஓட்டம் சில நிமிடம்தான், ஆனால் நிலையத்துக்கு நடந்து, காத்திருந்து, ஏறி இறங்க அரை மணி. சுபாங்கிலிருந்து கிளம்பும் சின்ன விமானமாக இருந்துவிடப் போகிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது வேறு விமான நிலையம். மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்களுக்குப் போகிறவர்களுக்கு உள்நாட்டு ஃப்ளைட்டிலும் இமிக்ரேஷன் உண்டு, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மெல்போர்னிலிருந்து தஞ்சாவூர் போக வேண்டும். டெல்லி, மும்பை, சென்னை எது வழி போனால் இணைப்புக்குப் பயப்பட வேண்டாம்?
(வாசகர், மெல்போர்ன்)

மூன்றுமே வேண்டாம். சிங்கப்பூர் வழியாகவோ கொழும்பு வழியாகவோ நேராக திருச்சிக்கு ஒரே டிக்கெட் வாங்குங்கள். நடுவில் மாறுவது சர்வதேசத்திலிருந்து சர்வதேசம் என்பதால் அங்கே இமிக்ரேஷன் இல்லை, பெட்டியைத் தொட வேண்டாம், ஒன்றரை இரண்டு மணி நேரமே போதும். இமிக்ரேஷனும் சுங்கமும் திருச்சியில், 2024இல் திறந்த புது முனையத்தில். வெளியே வந்தால் தஞ்சாவூர் ஒரு மணி நேரம். மதுரைக்குக் கொழும்பிலிருந்தும், கோவைக்குச் சிங்கப்பூரிலிருந்தும் இதே மாதிரி உண்டு. கொஞ்சம் விலை கூட இருந்தாலும் நான் இதைத்தான் எடுப்பேன். தென்மாவட்டத்துக்காரர்கள் பழக்கதோஷத்தில் மும்பை, டெல்லி என்றே தேடுகிறோம்.

கேள்வி: எல்லோருக்கும் புத்தி சொல்கிறீர்களே, நீங்கள் எப்போதாவது தவறவிட்டதுண்டா? தவறவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, திருநெல்வேலி)

உண்டு, உங்கள் ஊருக்கு வரும்போதுதான். அக்கா மகள் கல்யாணம். துபாயிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து மதுரை, தனித்தனி டிக்கெட், நடுவில் மூன்று மணி நேரம், போட்டது நானேதான். துபாயில் கிளம்பும்போதே ஐம்பது நிமிடம் தாமதம். சமாளித்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடித் தூங்கிவிட்டேன். பெட்டி கடைசி ஆளாக வந்தது, அடுத்த முனையத்துக்கு பஸ் அப்போதுதான் போயிருந்தது. கவுண்டரில் இருந்த பையன் கடிகாரத்தைக் காட்டி, "நாலு நிமிஷம் ஆயிடுச்சு சார், சிஸ்டம் எடுக்காது" என்றான். அவன் மேல் தப்பே இல்லை. மறுநாள் வரை மதுரைக்கு இடம் இல்லை. சாயங்காலம் சென்னைக்கு ஒரு டிக்கெட், கோயம்பேட்டில் ஆம்னி பஸ்ஸின் கடைசி சீட், காலையில் திருநெல்வேலி. முகூர்த்தம் முடிந்து, கடைசிப் பந்தியில் இலை போட்டிருந்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, பாயசத்தை மட்டும் இரண்டு தடவை ஊற்றச் சொன்னாள்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது துபாய் விமான நிலையத்திலேயே இருந்தது. முதல் ஃப்ளைட் தாமதம் என்று தெரிந்ததும், அங்கே உட்கார்ந்தபடியே இரண்டாவது டிக்கெட்டை அடுத்த ஃப்ளைட்டுக்கு மாற்றியிருக்கலாம். கட்டணம் பிடிப்பார்கள், ஆனால் டிக்கெட் உயிரோடு இருக்கும். உள்நாட்டு டிக்கெட்டை மாற்றப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே கெடு முடிந்துவிடுகிறது, அதனால் மும்பையில் இறங்கி போனை ஆன் செய்யும்போது காலம் கடந்திருக்கும்.

ஒரே டிக்கெட் என்றால் வேறு மாதிரி. பதறிப்போய்ப் புது டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். நேராக டிரான்ஸ்ஃபர் கவுண்டருக்குப் போய் நில்லுங்கள், வரிசை நீளமாக இருந்தால் நின்றுகொண்டே கால் சென்டருக்கும் போன் போடுங்கள், எது முதலில் கிடைக்கிறதோ அது. அடுத்த ஃப்ளைட் மறுநாள்தான் என்றால் சாப்பாடு, தங்குமிடம் பற்றி நாமாகத்தான் கேட்க வேண்டும்.

தனி டிக்கெட்டில் தவறவிட்டவர்களுக்குக் கட்டணம் திரும்பாது. ஆனால் அதில் சேர்ந்திருக்கும் வரியும் விமான நிலையக் கட்டணமும் நீங்கள் ஏறவில்லை என்றால் திருப்பித் தர வேண்டியவை, இது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அவர்களாகக் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். நான் கேட்டு எழுதினேன், சில நூறு ரூபாய் வந்தது, பஸ் டிக்கெட்டில் பாதிக்குக் காணும்.